தசமப் புள்ளி நகராது சாமி!

ஆறாம் வகுப்பிலிருந்து நமக்கு ஒரு பொய் சொல்லித் தந்திருக்கிறார்கள். சின்னப் பொய்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டே பிளஸ் டூ ஃபிசிக்ஸ் தாண்டி, இன்ஜினியரிங் லேப்பில் ரீடிங் எடுக்கும் வரை வந்துவிட்டோம். அந்தப் பொய் இதுதான்: "தசம எண்ணைப் பத்தால் பெருக்கினால் புள்ளி ஓர் இடம் வலப்புறம் நகரும். நூறால் பெருக்கினால் இரண்டு இடம். ஆயிரமென்றால் மூன்று இடம்."

நகராது. புள்ளி எங்கேயும் போகாது. போட்ட இடத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். நகர்வது இலக்கங்கள்.

"புள்ளி நகர்ந்தா என்ன, நம்பர் நகர்ந்தா என்ன, ஆன்சர் வந்தா போதாதா?" என்று கேட்கப் போகிறீர்கள். தெரியும். நம்ம கிளாஸில் இதைச் சொல்ல ஆரம்பித்த முதல் நிமிடமே நாலு பேர் அதைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் புள்ளிக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம்.

3.07 என்று எழுதினால், "இந்தா, என் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதே, அதுதான் ஒன்றாமிடம்" என்று கை காட்டுவது மட்டுமே புள்ளியின் வேலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இங்கே 3 ஒன்றுகள், பத்தில் ஒன்றாமிடத்தில் எதுவுமில்லை, நூறில் ஒன்றுகள் ஏழு. இதைப் பத்தால் பெருக்கினால் மூன்று ஒன்று மூன்று பத்தாகிறது. ஏழு நூறில் ஒன்று, ஏழு பத்தில் ஒன்றாகிறது. ஆளாளுக்கு ஒரு படி பதவி உயர்வு. 30.7. இப்போதும் புள்ளி ஒன்றாமிடத்துக்கு வலப்பக்கம்தான் நிற்கிறது. அது நகர்ந்திருந்தால் ஒன்றாமிடம் என்ற இடமே நகர்ந்திருக்க வேண்டும். அது எப்படி நகரும்?

சரி, இதில் என்ன குடி முழுகிப் போகிறது? முழுகுகிறது.

நாலாம் வகுப்பில் ஒரு விதி சொல்லித் தருகிறார்கள். 37ஐப் பத்தால் பெருக்கணுமா? பின்னாடி ஒரு சுழி சேர். 370. நூறால் பெருக்கணுமா? இரண்டு சுழி. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் ரொம்ப ஈசி. இரண்டு வருடம் கழித்துத் தசமம் வரும்போது வேறு விதி: சுழியைச் சேர்க்காதே, புள்ளியைத் தள்ளு. ஒரே பத்து, ஒரே பெருக்கல், இரண்டு விதி. ஏன் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. பழைய விதியை மனசிலிருந்து அழிக்கவும் மாட்டார்கள். அதன் விளைவு என்ன? 2.5 × 10 = 2.50.

இந்த விடையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பாடம் சொல்லித் தந்த விதியை அந்தப் பிள்ளை மிகச் சரியாகப் பின்பற்றியிருக்கிறது. சுழி சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தது.

சாயங்காலம் எங்கள் தெருவில் ஆறாவது ஏழாவது படிக்கும் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன் (பாக்கெட் மணிக்குத்தான், சமூக சேவை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம் :-)). அதில் ஒருத்தனிடம் 3.07ஐ நூறால் பெருக்கச் சொன்னேன். பட்டென்று எழுதினான்: 300.07.

"எப்படிடா?"

"மூணுக்குப் பின்னாடி ரெண்டு சுழிண்ணா. பாயின்ட்டுக்கு அப்புறம் இருக்கறத தொடக்கூடாது."

"சரி, ஒருத்தருக்கு மூணு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் துணி. நூறு பேருக்கு?"

கொஞ்ச நேரம் மேலே பார்த்தான். "முன்னூறு மீட்டர்... அப்புறம் எழுநூறு சென்டிமீட்டர்... அது ஏழு மீட்டர். முன்னூத்தி ஏழு மீட்டர்ண்ணா."

அதே கணக்கு. துணியாகக் கேட்டால் தலைக்குள்ளேயே போட்டுவிடுகிறான். எண்ணாகக் கேட்டால் கோட்டை விடுகிறான். அவனுக்குக் கணக்கு வராதா? வருகிறது. வராதது, அவன் கையில் திணித்த விதி. துணிக்கணக்கில் அவன் எந்தப் புள்ளியையும் நகர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு சென்டிமீட்டர் ஏழு மீட்டராகப் பதவி உயர்ந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. 5ஐ நூறால் வகுக்கணும். புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளு என்கிறது விதி. எந்தப் புள்ளியை? 5க்குத்தான் புள்ளியே இல்லையே! உடனே பதில் வரும்: "5க்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத புள்ளி ஒன்று இருக்கிறது." அடப்பாவிகளா. பேய்க்கதை சொல்லியா கணக்கு நடத்துவது? இல்லாத புள்ளியைக் கொண்டுவந்து, அதை இரண்டு இடம் தள்ளி, அங்கே இலக்கம் இல்லாததால் சுழியை இட்டு நிரப்பி... பத்து வயதுப் பிள்ளை இதில் எதைத்தான் நம்பும்?

அடுத்து, "எத்தனை சுழியோ அத்தனை இடம்." 4.2 × 0.001 கொடுத்துப் பாருங்கள். சுழி எத்தனை? புள்ளிக்கு முன்னாடி இருக்கிற சுழியையும் எண்ணினால் மூன்று, அதை விட்டால் இரண்டு. அப்புறம் நகர்த்துவது வலப்பக்கமா இடப்பக்கமா? இதற்கு இன்னொரு துணை விதி. துணை விதிக்கு ஒரு ஷார்ட்கட். ஷார்ட்கட்டுக்கு ஒரு கைடு. கைடுக்கு ஒரு கோச்சிங் சென்டர். இப்படித்தான் ஒரு தொழிலே வளர்கிறது.

நிற்க. கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

தசம பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பியவர் சைமன் ஸ்டெவின். 1585இல் டச்சு மொழியில் ஒரு சின்னப் பிரசுரம் போட்டார். வியாபாரிகளுக்கும் நிலம் அளப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதியது. அதில் தசமம் முழுக்க இருக்கிறது, புள்ளி மட்டும் இல்லை! ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஓர் எண் எழுதினார். ஒன்றாமிடத்துக்கு வட்டத்துக்குள் 0, பத்தில் ஒன்றுக்கு 1, நூறில் ஒன்றுக்கு 2. அவர் பாணியில் நம்முடைய 3.07ஐ மூன்று (0), சுழி (1), ஏழு (2) என்று வாசிக்கலாம். பத்தால் பெருக்கினால்? ஏழின் பக்கத்தில் இருக்கும் 2, 1 ஆகிவிடும். ஒவ்வொரு இலக்கத்தின் பட்டமும் மாறும். நகர்த்துவதற்குப் புள்ளியே கிடையாது. கணக்கு மட்டும் ஜம்மென்று நடக்கிறது.

அதற்கும் அறுநூறு வருடம் முன்னால், 10ஆம் நூற்றாண்டில், டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி என்பவர் தசம பின்னங்களை எழுதியிருக்கிறார். அவர் போட்ட அடையாளம் ஒரு சின்னக் கோடு. எங்கே? ஒன்றாமிட இலக்கத்தின் தலைக்கு மேலே! இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? "இவன்தான் ஒன்று" என்று ஆளைக் காட்டும் கோடு அது. நம் ஊர் புள்ளி அந்த ஆளின் காலடியில் உட்கார்ந்திருக்கிறது, வேலை ஒன்றுதான். (புள்ளி யாருடையது என்று ஒரு சண்டை தனியாக ஓடுகிறது. நேப்பியர் காலத்தில் பரவியது என்பார்கள். 1440களில் வெனிஸ்காரர் பியான்கினி தன் வானியல் அட்டவணைகளில் புள்ளி வைத்திருப்பதை வான் ப்ரம்மெலன் என்ற கணித வரலாற்று ஆய்வாளர் 2024இல் வெளியிட்டார்.) ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இன்றைக்கும் புள்ளி கிடையாது, கமாதான். 2003இல் எடை அளவுகளுக்கான சர்வதேச மாநாடு கூடி, புள்ளியோ கமாவோ எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று தீர்மானமே போட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பழைய தமிழ் எண்களைப் பாருங்கள். 37 என்பதை ௩௰௭ என்று எழுதினார்கள். மூன்று, பத்து, ஏழு. அதைப் பத்தால் பெருக்கினால் ௩௱௭௰. மூன்று நூறு, ஏழு பத்து. மூன்றும் ஏழும் அப்படியே இருக்கின்றன. மூன்றின் கூட இருந்த ௰ போய் ௱ வந்தது. தனியாக நின்ற ஏழுக்கு ௰ துணை வந்தது. ஸ்டெவின் வட்டத்துக்குள் எழுதியதை நம்மாட்கள் எழுத்தாகவே வைத்திருந்தார்கள். இதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் 'சுழி சேர்' என்று உளறாது, ஏனென்றால் சேர்க்கச் சுழியே இல்லை.

இன்னொரு உதாரணம், நம் தாத்தாக்களின் காசுக்கணக்கு. 1957 ஏப்ரல் 1க்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. இரண்டு ரூபாய் ஐந்து அணா நான்கு பை. இதைப் பத்தால் பெருக்குங்கள். நாற்பது பையில் மூன்று அணா போக மிச்சம் நான்கு பை. ஐம்பது அணாவோடு அந்த மூன்றைச் சேர்த்தால் ஐம்பத்து மூன்று, அதில் மூன்று ரூபாய் போக மிச்சம் ஐந்து அணா. ஆக இருபத்து மூன்று ரூபாய் ஐந்து அணா நான்கு பை. அணாவும் பையும் பழையபடியே வந்து நிற்கின்றன! (ஏனென்றால் ஆரம்பத் தொகை இரண்டே ஒன்றின் கீழ் மூன்று ரூபாய். நேரமிருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இங்கே எந்த இலக்கமும் அழகாகப் பக்கத்து அறைக்குக் குடிபோகவில்லை. இத்தனை கடன் வாங்கிக் கழித்துத்தான் விடை வருகிறது. ஏன்? பையிலிருந்து அணாவுக்குப் பன்னிரண்டு மடங்கு, அணாவிலிருந்து ரூபாய்க்குப் பதினாறு மடங்கு. பத்தே இல்லை. தசமத்தில் மட்டும் ஒவ்வோர் இடமும் பக்கத்து இடத்தைப் போலப் பத்து மடங்கு. அதனால்தான் பத்தால் பெருக்கினால் இலக்கங்கள் மொத்தமாக ஒரு வீடு தள்ளிப் போகின்றன. இந்த வித்தையெல்லாம் பத்தில் இருக்கிறது, புள்ளியில் இல்லை. 1957இல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாற்றியதன் லாபமே இதுதான். அந்த லாபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் புள்ளியைத் தள்ளச் சொல்லித் தருகிறோம்.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருகிறேன்.

முதல் கேள்வி, ஆரம்பத்தில் சொன்னதுதான். "ரயில் நகர்ந்தால் என்ன, ஸ்டேஷன் நகர்ந்தால் என்ன, எல்லாம் ரிலேட்டிவ் மோஷன்தானே?" நல்ல கேள்வி. ரயிலில் உட்கார்ந்து பார்த்தால் விழுப்புரம் நம்மை நோக்கி வருவது மாதிரிதான் இருக்கும். ஆனால் ரயில்வே டைம்டேபிளில் "விழுப்புரம் இந்த வண்டிக்கு 4.20க்கு வந்து சேரும்" என்று போடுவதில்லை. ஏன்? இன்னும் ஐம்பது வண்டி ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக அசையாமல் நிற்பது ஸ்டேஷன்தான். அதே மாதிரி, இரண்டு எண்களைக் கூட்டும்போது புள்ளிக்கு நேர் புள்ளி வைக்கச் சொல்லித் தருகிறோமே, அது ஏன்? புள்ளி அசையாத அடையாளம் என்பதால்தான். கூட்டலுக்கு அசையாது, பெருக்கலுக்கு மட்டும் எழுந்து நடக்குமா?

இன்னொன்று. 85,000ஐப் பத்தால் பெருக்கினால் 8,50,000. கமா நகர்ந்தது என்று யாராவது சொல்கிறோமா? லட்சத்துக்கான கமா லட்சத்துக்கான இடத்தில்தான் இருக்கிறது, எட்டு அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. கமாவுக்கு ஒரு நியாயம், புள்ளிக்கு ஒரு நியாயமா?

இரண்டாவது, நம்ம கம்ப்யூட்டர் சயின்ஸ் கோஷ்டி. "ஃப்ளோட்டிங் பாயின்ட் என்று பெயரிலேயே இருக்கிறதே, புள்ளி மிதக்கிறது!" பெயரில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. 32 பிட் ஃப்ளோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 8, பின்னப் பகுதிக்கு 23. கூட்டிப் பாருங்கள், 32 தீர்ந்துவிட்டது. புள்ளிக்கு ஒரே ஒரு பிட் கூட ஒதுக்கவில்லை! இரண்டால் பெருக்கினால் அடுக்கில் ஒன்று கூடும், அவ்வளவே. முழு எண்ணை இரண்டால் பெருக்க லெஃப்ட் ஷிஃப்ட் போடுவீர்களே, 101 என்பது 1010 ஆகும், அங்கே நகர்வது என்ன? பிட்கள். அதைப் படித்துவிட்டு வந்து என்னிடம் புள்ளி நகரும் என்கிறீர்கள்.

மூன்றாவது கோஷ்டியோடு எனக்குச் சண்டை இல்லை. "எனக்கு இட மதிப்பு தெரியும், அவசரத்துக்குப் பென்சிலால் வளைவு வளைவாகப் போட்டுப் புள்ளியைத் தாண்ட வைக்கிறேன்" என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தெரிந்தவனுக்கு அது சுருக்கெழுத்து. தெரியாத பிள்ளைக்கு அதையே முதல் பாடமாக வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

விளைவு என்ன என்பதற்கு நம் லேப்பையே பார்க்கலாம். 5 மில்லி ஆம்பியரை ஆம்பியராக எழுதச் சொன்னால் ரெக்கார்டு நோட்டில் 5000 என்று எழுதி டிக்கும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மூன்று இடம் என்பது சரி, திசைதான் தப்பு. அவர்கள் கண்ணில் அது சின்னத் தப்பு. வீட்டில் ஏசிக்குப் போடும் பிளக்கே 15 ஆம்பியர்தான் அய்யா! 5000 ஆம்பியர் பிரெட்போர்டில் பாய்ந்தால் ரீடிங் எடுக்க யார் இருப்பார்கள்? புள்ளியைத் தள்ளிப் பழகிய கைக்கு 0.005க்கும் 5000க்கும் உள்ள தூரம் வெறும் ஆறு தாண்டல். எண்ணின் அளவை உணர்ந்தவனுக்கு அது பத்து லட்சம் மடங்கு.

எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஒரு காலத்தில் இந்தப் புள்ளியோடு பட்ட பாடு போதுமென்று அதைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள். சர்க்யூட் வரைபடத்தில் 4.7 கிலோ ஓம் என்பதை 4கே7 என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். 4.7 ஓம் என்றால் 4ஆர்7. ஜெராக்ஸ் எடுக்க எடுக்கப் புள்ளி அழிந்து 4.7 கே, 47 கே ஆகிவிடும் என்பதால் புள்ளி இருந்த இடத்தில் அலகின் எழுத்தையே உட்கார வைத்தார்கள். அல்-உக்லிதிசி ஒன்றாமிடத்தின் தலையில் கோடு போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? "இங்கே கிலோ ஓம் முடிகிறது" என்று சொல்லும் பலகை. 4கே7ஐப் பத்தால் பெருக்கச் சொன்னால் 'கே'யை நகர்த்து என்று எவனும் சொல்லமாட்டான். நாலு கிலோ நாற்பது கிலோ ஆகும், ஏழு அதன் பின்னால் வரும், 47கே.

நமக்குப் போனால் ஒரு எல்இடி. மருத்துவமனையில் கதை வேறு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் மருந்துச் சீட்டில் எழுதவே கூடாதவை என்று ஒரு பட்டியல் போட்டது. 1 மில்லிகிராமை 1.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். அரையை .5 என்று எழுதாதே, 5 ஆகிவிடும், 0.5 என்று எழுது. இவை கண் தவறிப் படிக்கும் பிழைகள்தான், புள்ளியை நகர்த்தும் விதியால் வந்தவை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிழையைக் கடைசி நிமிடத்தில் பிடிக்கக்கூடியது எது? "இந்தக் குழந்தைக்கு இவ்வளவா?" என்று நெருடுகிற ஒரு மனசு. இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரை 0.25 மில்லிகிராம், அதாவது 250 மைக்ரோகிராம். ஒரு சீட்டில் மில்லி, இன்னொன்றில் மைக்ரோ. இரண்டும் ஒரே அளவு என்று அந்த நர்ஸ் அக்காவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். மூன்று தாண்டல் வலமா இடமா என்று அவர் விரலை ஆட்டிக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த அக்காவும் இதே ஆறாம் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எப்படித்தான் சொல்லித் தருவது என்று கேட்பவர்களுக்கு: செலவு ஒரு சார்ட் பேப்பர். அட்டையில் வரிசையாக ஆயிரம், நூறு, பத்து, ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று கட்டம் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் பிளேடால் கீறி, நடுவில் ஒரு காகிதப் பட்டை நுழைந்து போகும்படி செய்யுங்கள். பட்டையில் 3 0 7 எழுதி, மூன்று ஒன்றாமிடத்தில் நிற்கும்படி வைத்தால் 3.07. பத்தால் பெருக்கப் பட்டையை ஒரு கட்டம் இடப்பக்கம் இழுக்க வேண்டும். வகுக்க வலப்பக்கம். ஆயிரத்தால் பெருக்க மூன்று கட்டம் இழுத்தால் ஏழு பத்தாமிடத்தில் போய் நிற்கும், ஒன்றாமிடம் காலியாக இருக்கும். "இங்க யாருமே இல்லண்ணா" என்று பிள்ளையே சொல்லி, அதில் ஒரு சுழியை எழுதும். 3070. நாலாம் வகுப்பின் 'சுழி சேர்' எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் தெரிந்துவிடும். 37க்கும் இதே பட்டை, 5ஐ நூறால் வகுக்கவும் இதே பட்டை, பேயெல்லாம் வேண்டாம். 0.001ஆல் பெருக்குவது ஆயிரத்தில் ஒரு பங்கு எடுப்பதுதான் என்று ஒரு முறை சொன்னால் போதும், வலப்பக்கம் மூன்று கட்டம் தள்ளிவிடுவார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளிலேயே இந்த மாதிரி பட்டை புழங்குகிறது. நம் ஊரில் இதற்கு அரசாணை ஒன்றும் தேவையில்லை, பிளேடு இருந்தால் போதும்.

பட்டையில் எழுதுவதெல்லாம் பென்சிலில் இருக்கட்டும், அடுத்த கணக்குக்கு அழிக்க வேண்டுமே. புள்ளியை மட்டும் அட்டை மேல், ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் நடுவில் உள்ள கோட்டில், பெர்மனென்ட் மார்க்கரால் வையுங்கள்.